பெரிய கிராணியின் உச்சரிப்பும் செமினிக் கடிதமும்

1911-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். குளித்துத் திருநீறு பூசி, வெள்ளைக் கோட்டில் தளர்ந்திருந்த மூன்றாவது பித்தானைத் தைத்துக்கொண்டேன். ஏழு மணிக்கு ஒரு கோப்பி, மூன்று இட்லி. ஏழு நாற்பதுக்கு பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அலுவலகக் கதவைத் திறந்தேன். ஏழு நாற்பத்திரண்டுக்குச் சுவர்க் கடிகாரத்துக்கு ஏழு சுற்றுச் சாவி கொடுத்தேன். பிறகு தபால் பையை அவிழ்த்துக் கடிதங்களை அடுக்கினேன்.

அன்றைய டைரிப் பக்கத்தில் இதுவரை எல்லாம் அழகான கையெழுத்தில் இருக்கிறது. அடுத்த வரியில் மை சிந்தியிருக்கிறது.

கிராணி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, அந்த மை ஏன் சிந்தியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். எனக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது. அப்போது எனக்கு இருபத்தாறு. பேரேடு எழுதுவது எப்படி என்று கேட்டால் யாரும் சொல்லித் தருவார்கள். எதை எப்போது சொல்லாமல் இருக்கக் கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

எங்கள் கம்பெனி ரப்பர் தோட்டங்களுக்குச் சாமான் அனுப்பும் கம்பெனி. காஜாங், செமினி, டெங்கில் பக்கத்துத் தோட்டத் துரைமார்கள் தங்களுக்கு வேண்டியதைக் கடிதத்தில் எழுதுவார்கள். தினமும் காலை ஒன்பது மணிக்கு எங்கள் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி எழுந்து நின்று ஒவ்வொரு கடிதத்தையும் உரக்க வாசிப்பார். நாங்கள் ஐந்து பேர் அவரவர் நோட்டில் அவரவர் பங்கை எழுதிக்கொள்வோம். சாமான் கிடங்குக்காரர் சாமானை எழுதுவார், வண்டி கவனிப்பவர் வண்டியை எழுதுவார். வாசிப்பின் நடுவே யாரும் வாய் திறக்கக் கூடாது. பெரிய கிராணியும் நிறுத்த மாட்டார். பதினான்கு ஆண்டுகளாக அப்படித்தான் வேலை நடந்து வந்தது.

பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். வயது ஐம்பத்து மூன்று, அதாவது இன்றைய என் வயது. கம்பீரமான குரல். அவருடைய ஆங்கிலத்தில் இலக்கணப் பிழையே வராது. கடிதம் எழுதினால் துரைமார்களே பொறாமைப்படுவார்கள். ஆனால் அவர் ஆங்கிலத்தைப் புத்தகத்திலிருந்து கற்றவர், காதால் கற்றவர் அல்ல. அதனால் ஒரு கொள்கை வைத்திருந்தார்: ஒரு எழுத்துக்கூட்டலுக்கு ஒரே சத்தம்தான்.

நான் கிள்ளானில் மிஷன் பள்ளியில் படித்தவன். ஒரே எழுத்துக்கூட்டல் ஆங்கிலத்தில் இரண்டு விதமாக ஒலித்து இரண்டு பொருள் தரும் என்பது எனக்குத் தெரியும். முன்னே நின்று நடத்திச் செல்வது லீட். அதே எழுத்துகளை ஈயத்துக்கு எழுதினால் லெட். கண்ணீர் டியர், கிழிசல் டேர். மறுப்பது ரிஃப்யூஸ், குப்பை ரெஃப்யூஸ். நிமிடம் மினிட், மிக நுண்ணியது மைன்யூட். இப்படி நாற்பத்தொரு சொற்களை ஒரு சிறு நோட்டில் தமிழ் எழுத்தில் குறித்து வைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை உண்டு.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் ஒரு குழாயைப் பற்றிப் பேசும்போது 'லெட்' என்று சொல்லிவிட்டேன். அலுவலகமே தலை நிமிர்ந்து பார்த்தது.

"என்ன காணும், உமக்குப் பல்லு நோவோ?" என்றார் பெரிய கிராணி. "லீட் எண்டு வடிவாச் சொல்லும். தமிழிலை ஒரு எழுத்துக்கு எத்தினை சத்தம்? ஒண்டு. வெள்ளைக்காரன் மட்டும் என்ன, விசர் பிடிச்சவனோ?"

'கங்கை' என்ற சொல்லிலேயே ஒரு க-வுக்கு இரண்டு சத்தம் இருக்கிறதே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அன்று முதல் அலுவலகத்தில் அலுவலக ஆங்கிலம், வீட்டில் பள்ளி ஆங்கிலம் என்று இரண்டு செருப்பு போல மாற்றிப் போட்டுக்கொண்டேன். மூன்று ஆண்டுகள் கால் வலிக்கவில்லை.

எங்கள் கம்பெனியின் பழைய துரை தம் அறையை விட்டு வெளியே வந்ததே இல்லை. அவர் ஊருக்குப் போய்விட்டார். பிப்ரவரி கடைசியில் புதிய துரை வந்தார். ஸ்காட்லாந்துக்காரர், சிவந்த மீசை. வந்த இரண்டாம் வாரம் ஓர் அறிவிப்பை ஒட்டினார். செவ்வாய் காலை வாசிப்புக்கு அவரே வந்து உட்காருவாராம். ஆங்கிலம் சரியாக வாசிக்கத் தெரியாதவர் பெரிய கிராணி நாற்காலியில் இருக்க முடியாதாம். சிங்கப்பூரில் ஒரு கிராணி தயாராக இருக்கிறாராம்.

பெரிய கிராணிக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டே ஆண்டு. அறிவிப்பை வாசித்துவிட்டுச் சிரித்தார். "வரட்டும். வாசிப்பெண்டால் என்னெண்டு அவருக்கும் விளங்கட்டும்."

அவர் பயப்படவில்லை. பயம் முழுவதும் எனக்குத்தான்.

அந்தச் செவ்வாய் காலை ஏழு ஐம்பதுக்குச் செமினிக் கடிதத்தைப் பிரித்தேன். என் கண் நோட்டில் பழகிய கண். முதலில் அந்தச் சொற்களைத்தான் தேடியது. கிழிசல் என்ற பொருளில் டேர், ஒன்று. ஈயம், இரண்டு. நோயாளி என்ற பொருளில் இன்வலிட், மூன்று. பெரிய கிராணி அதைச் 'செல்லாது' என்ற பொருள் தரும் 'இன்வேலிட்' என்றே வாசிப்பார். நுண்ணிய, நான்கு. குப்பை, ஐந்து. ஒரே பக்கத்தில் ஐந்து! என் நோட்டைப் பார்த்து யாரோ எழுதிய மாதிரி இருந்தது. அப்போதுதான் மைக்கூடு சாய்ந்தது.

சாமான் கிடங்கைப் பார்க்கும் மாணிக்கம் வந்தான். அலுவலகத்தில் என்னுடைய ஒரே நண்பன். அவனுக்கு மட்டும் என் நோட்டைப் பற்றித் தெரியும். கடிதத்தைக் காட்டினேன்.

"செத்தோம்லா," என்றான். "பெரிய கிராணி போனா சிங்கப்பூர்க்காரன் வருவான். அவன் வந்தா முதல்ல என் கிடங்கத்தான் எண்ணுவான்."

"இப்போ என்ன செய்யறது?"

"நீயே போய்ச் சொல்லிடு சாமி. 'ஐயா, நீங்க பதினாலு வருசமா தப்பா வாசிக்கிறீங்க'ன்னு. சுருக்கமா."

"நீ சொல்லேன்."

"எனக்கு உன் அளவுக்கு இங்கிலீசு தெரியாதே," என்று நெஞ்சில் கை வைத்தான் அந்தப் படுபாவி.

எட்டரைக்குப் பெரிய கிராணி வந்தார். நான் அவர் மேசை முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, ஒரு விசயம்."

"சொல்லும், சாமிநாதர்."

"இன்னைக்கு வாசிக்கிறப்போ, சில வார்த்தைங்க..."

"பயப்பிடுறீரோ?" அவர் என் தோளைத் தட்டினார். "ஒண்டுக்கும் யோசிக்காதையும். நான் இருக்கிறன்."

என் மேசைக்குத் திரும்பி ஒரு காரியம் செய்தேன். அதைத்தான் உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். செமினிக் கடிதத்தை எடுத்து மை ஒற்றும் அட்டைக்கு அடியில் வைத்தேன். துரை போனதும் எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். மற்றக் கடிதங்களில் ஆபத்தான சொல் எதுவும் இல்லை. டெங்கில் கடிதத்தை மட்டும் பதற்றத்தில் பிரித்துப் பார்க்காமலே கட்டின் அடியில் போட்டுவிட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குத் துரை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெரிய கிராணி வாசித்தார். காஜாங் கடிதங்கள் இரண்டும் மணி அடித்த மாதிரி போயின. துரை தலையை ஆட்டினார். மாணிக்கம் என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடினான்.

மூன்றாவது கடிதத்தைப் பெரிய கிராணி எடுக்கும்போது துரை கையை உயர்த்தினார். "செமினிக் கடிதம் எங்கே? நேற்றுப் புயல் பற்றி எழுதி அனுப்பியிருப்பதாகத் தோட்டத் துரை தந்தி கொடுத்திருந்தாரே."

தபால் பிரிப்பவன் நான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அட்டையைத் தூக்கிக் கடிதத்தை எடுத்தேன். "இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சார்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். காய்ந்த காகிதம் எதிலும் ஒட்டாது என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். துரையின் மீசை மெதுவாக என் பக்கம் திரும்பியது.

பெரிய கிராணி தொண்டையைச் செருமினார். "நான்தான் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன், சார்," என்று அவருடைய குற்றமற்ற ஆங்கிலத்தில் சொன்னார். "அவசரக் கடிதம். கையோடு சாமான் போக வேண்டும் என்பதற்காக."

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அவருக்கு அந்தக் கடிதம் வந்ததே தெரியாது. கையை நீட்டினார். கொடுத்தேன்.

வாசிக்க ஆரம்பித்தார். டியர், லீட், இன்வேலிட், மினிட், ரிஃப்யூஸ். ஐந்தும் ஐந்து செங்கல் மாதிரி விழுந்தன. முதல் செங்கலுக்குத் துரையின் புருவம் உயர்ந்தது. மூன்றாவதுக்கு அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். சிங்கப்பூர்க்காரர் பெட்டி கட்டுவது என் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது பெரிய கிராணி வாசிப்பை நிறுத்தினார். பாதி வாக்கியத்தில்! பதினான்கு ஆண்டில் ஒரு நாளும் நடக்காதது.

"மாணிக்கம், எழும்பும். பெரிய தார்ப்பாய் ரெண்டு, இப்பவே ஸ்டேசனுக்கு. பத்தேகால் ரயில். காஜாங்கிலை மாட்டு வண்டிக்குத் தந்தி அடிப்பியும். அங்கை வருத்தக்காரர் மூண்டு பேர் மழையிலை நனையினம்."

மாணிக்கம் ஓடினான்.

நனைகிறார்களா? யார்? அந்தக் கடிதத்தை நான் காலையில் படித்தேனே! படித்தேன், ஐந்து சொற்களை எண்ணினேன். எந்தச் சொல்லை எப்படி ஒலிக்க வேண்டும் என்று பார்த்த எனக்கு, அந்தச் சொற்கள் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று பார்க்கத் தோன்றவில்லை. காற்றில் தோட்டத்து வைத்தியக் கொட்டகையின் தார்ப்பாய் கிழிந்துவிட்டது. உள்ளே காய்ச்சல்காரர்கள் மூன்று பேர். தண்ணீர் வரும் ஈயக் குழாயில் மெல்லிய விரிசல். குப்பை வண்டி அச்சு முறிந்து கிடக்கிறது. இதையெல்லாம் தப்பாக உச்சரித்த மனிதருக்கு வாசித்த கையோடு புரிந்தது. சரியாக உச்சரிக்கத் தெரிந்த நான் அதை மை அட்டைக்கு அடியில் வைத்து அதன் மேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தேன்.

பெரிய கிராணி மீதியை வாசித்து முடித்தார். துரை எழுந்து ஒவ்வொரு மேசையாகப் போய் நோட்டுகளைப் பார்த்தார். ஈயக் குழாய், ஆறு அடி. வண்டி அச்சு, ஒன்று. ஒரு பிழை இல்லை. துரைக்கு அது விளங்கவில்லை. பெரிய கிராணியின் கையில் கடைசியாக இருந்த டெங்கில் கடிதத்தை அவரிடமிருந்து வாங்கினார்.

"இதை நான் வாசிக்கிறேன். சரியாக எப்படி வாசிப்பது என்று கேளுங்கள்."

வாசித்தார். சொற்கள் சரிதான். அதோடு அவர் ஊர் ர-வும் சேர்ந்து கூழாங்கல் உருட்டின மாதிரி உருண்டது. முடித்ததும் நோட்டுகளைப் பார்த்தார். முதல் நோட்டு வெறுமை. இரண்டாவது வெறுமை. ஆளிடம் தார்ப்பாயைக் கொடுத்து ஸ்டேசனுக்கு அனுப்பிவிட்டு, துரை வாசிக்கத் தொடங்கும்போது மூச்சு வாங்கத் திரும்பியிருந்த மாணிக்கத்தின் நோட்டில் 'டெங்கில்' என்று தலைப்பு மட்டும் இருந்தது. அதற்கு அடியில் அழகாக இரண்டு கோடு.

"ஏன் எழுதவில்லை?"

"நீங்க இன்னும் இங்கிலீசுல ஆரம்பிக்கலையோன்னு இருந்தேன் சார்," என்றான் மாணிக்கம் தமிழில். நல்ல வேளை, துரைக்குத் தமிழ் தெரியாது.

வெறும் நோட்டுகளைப் பார்த்துத் துரை முதலில் சிவந்தார். பிறகு மீசை நடுங்கியது. பிறகு உரக்கவே சிரித்துவிட்டார். "இந்த அலுவலகத்தில் தவறாகப் பேசுகிறவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது," என்றார். சிங்கப்பூர்க்காரர் தேவையில்லை, பெரிய கிராணி பெரிய கிராணியாகவே இருக்கட்டும் என்றும் சொன்னார்.

நான் மூச்சு விட்டேன். சீக்கிரம் விட்டுவிட்டேன். துரை என் மேசைக்கு வந்தார். என் நோட்டில் டெங்கில் கடிதம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இருந்தது. ஒழுங்காக எழுதுவது என் பழக்கம். கையைத் தடுக்கத் தோன்றவில்லை.

"உனக்கு மட்டும் எப்படிப் புரிந்தது?"

"பள்ளியில் கற்றேன், சார்."

"இரண்டு விதமும் புரியுமா?"

"புரியும், சார்."

"நல்லது. நாளை முதல் என் அறைக்கு வா. நான் சொல்வதைக் கேட்டு வெளியே இவர்களுக்குப் புரிகிற ஆங்கிலத்தில் சொல்."

இந்த நாட்டில் ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க அமர்த்தப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மாணிக்கம் மேசைக்கு அடியில் எதையோ தேடுவது போல் குனிந்து குலுங்கினான். பெரிய கிராணி சிரிக்கவில்லை. என் நோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அன்று மாலை வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலே முக்காலுக்கு எல்லாரும் போனார்கள். அவர் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"கடதாசி ஒட்டுப்பட்டிருக்கேல்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும், சாமிநாதர்."

"ஐயா..."

"அதை விடும். மூண்டு வருசமா உமக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. ஏன் காணும் சொல்லேல்லை?"

"மரியாதை இல்லாம போயிடுமேன்னு, ஐயா."

"மரியாதையோ?" அவர் குடையை ஒரு முறை தரையில் ஊன்றினார். "என்ரை வேட்டி அவிண்டிருந்தாலும் மரியாதைக்குப் பாத்துக்கொண்டு நிப்பீரோ?"

தம்பிகளே, அந்தக் கேள்வியை இருபத்தேழு ஆண்டுகளாக யோசிக்கிறேன். சேர்ந்த முதல் வாரமே யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு முறை மெதுவாகச் சொல்லியிருந்தால் அவர் திட்டியிருப்பார், அவ்வளவுதான். நான் என் தோலைக் காப்பாற்றிக்கொண்டு அதற்கு மரியாதை என்று பெயர் வைத்தேன். கடைசியில் துரை முன்னால் தன் தோலைக் கொடுத்து என்னைக் காப்பாற்றியவர் அவர்தான். உங்களுக்கு மேலே இருக்கிறவர் தப்புச் செய்தால் பேசாமல் இருக்க ஆயிரம் நல்ல பெயர்கள் கிடைக்கும். ஒன்றையும் நம்பாதீர்கள். அதேபோல், கையில் வந்த கடிதத்தில் எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள். அந்தப் பக்கம் யாராவது நனைகிறார்களா என்று முதலில் பாருங்கள்.

அன்றைய டைரியில் கடைசி வரி: "செமினிக்குத் தார்ப்பாய் போய்ச் சேர்ந்ததாக மாலை தந்தி. பெரிய கிராணி கோபம். நான் குற்றவாளி."

மறுநாள் ஏழு நாற்பதுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. கடிகாரத்தின் அடியில் முக்காலி போட்டு அதன் மேல் பெரிய கிராணி நின்றிருந்தார். கையில் சாவி.

"கதவைச் சாத்தும்," என்றார். சாத்தினேன்.

"மணிக்கூட்டுக்குச் சாவி குடுக்கிறதுக்கு என்னெண்டு சொல்லுறது? சரியான மாதிரிச் சொல்லும்."

"வைண்ட், ஐயா."

"காத்துக்கு?"

"விண்ட்."

"எழுத்து?"

"ரெண்டுக்கும் ஒரே எழுத்துத்தான் ஐயா."

"வெக்கங்கெட்ட பாஷை," என்றார். கடிகாரத்தின் பக்கம் திரும்பிச் சாவியைச் செருகினார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை, உதட்டுக்குள், மந்திரம் சொல்வது போல் சொன்னார். ஏழு சுற்று, ஏழு வைண்ட். நான் எண்ணினேன்.

ஏழாவது முடியும்போது கதவைத் தள்ளிக்கொண்டு மாணிக்கம் நுழைந்தான். முக்காலியில் நின்றவரைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"என்னங்க ஐயா, நீங்களே விண்ட் பண்றீங்க?"

"ஓம் காணும், விண்ட் பண்ணியாச்சு," என்றார் பெரிய கிராணி. முக்காலியிலிருந்து இறங்கி, சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தம் நாற்காலிக்குப் போனார்.